அடுப்படி வரை உள்ளே வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் உங்கள் நாளிதழில் ஒரு செய்தி தவறாமல் வரும். இத்தனை பள்ளிகள், இத்தனை திருமண மண்டபங்கள் நிவாரண முகாம்களாகத் தயார், மணல் மூட்டைகள் தயார், படகுகள் தயார் என்று. இந்த ஆண்டும் படித்தேன். வேண்டிய ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் ஏரலில் வெள்ளம் வந்த இரவில் மண்டபம் வரைக்கும் போய்ச் சேர யாராலும் முடியவில்லை. ஜனங்கள் ஏறியது பக்கத்து வீட்டு மாடியில். அந்த மாடிகளைப் பற்றி முன்னேற்பாட்டுச் செய்திகளில் ஒரு வரிகூட வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களுடையது மாடி வைத்த வீடு. தெருவில் பாதிக்கு மேல் ஓட்டு வீடுகள்.

அந்த மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஆரம்பித்து மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 சென்டிமீட்டருக்கு மேல். எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுதான். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து வந்த தண்ணீரும், வழியில் இருந்த காட்டாறுகளின் தண்ணீரும், உடைந்த குளங்களின் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து தாமிரபரணியில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் ஓடியது. ஏரல் கடைத்தெரு முழுகியது. ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சாலையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மின்சாரம் இல்லை, செல்போன் டவர் இல்லை. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் "அதைவிட இது கூட" என்றார்கள்.

அன்று ராத்திரி எங்கள் மாடிக்கு வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கும். யாரும் யாரையும் அழைக்கவில்லை. தண்ணீர் வாசற்படி ஏறியதும் எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் அடுத்த வீடு, அப்புறம் ஆற்றோரத் தாழ்வான குடியிருப்பிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு சிலர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஏரல் சேர்மன் சாமி கோயிலுக்கு வரும் சொந்தபந்தங்களைத் தங்கவைத்துப் பழகிய வீடுதான் இது. பாய்க்கும் தலையணைக்கும் பஞ்சமில்லை. ஆனால் சொந்தக்காரர்களைத் தங்கவைப்பதும், தெருவில் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போகும் மனிதர்களைத் தங்கவைப்பதும் ஒன்றல்ல.

அதில் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் ஒரு பெண்ணும், அவளுடைய இரண்டு பிள்ளைகளும், வயதான அம்மாவும் வந்தார்கள். பிள்ளைகளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு அவளும் அம்மாவும் மாடிப்படி திரும்பும் இடத்தில் நின்றுகொண்டார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்கப் போனேன். கையில் இருந்த பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டி, "டம்ளர் வேண்டாம் அம்மா, இதுல ஊத்துங்க" என்றாள். அவளை வெளியே நிற்கச் சொன்னவர் யாரும் இல்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிருக்கிறது, அதுதான் கொடுமை. நாங்கள் என்ன ஆட்கள், அவர்கள் என்ன ஆட்கள் என்று நான் எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு எழுதாமலே புரியும்.

என் மாமியாருக்கு அப்போதே எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் உள்ளே இருந்தபடியே பார்த்துவிட்டு, "ஏட்டி, ஈரச் சேலையோட அங்கன ஏன் நிக்கெ? உள்ள வா. வந்து இந்த உலையப் பாரு, எனக்குக் கையில வலு இல்ல" என்று சத்தம் போட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அத்தை கூப்பிடுறாங்கல்ல, வா" என்றேன். வந்தாள். என்னுடைய காய்ந்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு அரிசி களைந்து போட்டாள். மறுநாள் புளிக்குழம்பு அவள் கூட்டியதுதான். மாடியில் இருந்த எல்லாரும் அதைத்தான் சாப்பிட்டோம். எல்லாரும் என்று சொல்வது சரியில்லை. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு ரஸ்க் மட்டும் தின்றுகொண்டிருந்தார். தண்ணீர் வடிகிறவரைக்கும் அவருக்கு வயிறு சரியாகவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. பசித்தவர்கள் நிறைய இருந்தார்கள், அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

வந்தவர்களிடம் பாத்திரம் கழுவும் வேலையையும் கூட்டிப் பெருக்கும் வேலையையும் தள்ளிவிட்டு, சமையலை மட்டும் வீட்டுக்காரர்கள் வைத்துக்கொண்டால் அது அடைக்கலம் இல்லை, கூலி கொடுக்காத வேலை. அந்த வெள்ளத்தில் அப்படி நடந்த வீடுகளும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதி முகாம்களில் தலித் குடும்பங்களைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்கூட விடாமல் ஒதுக்கிவைத்ததை மனித உரிமை அமைப்புகள் எழுதிவைத்திருக்கின்றன. கடலே ஊருக்குள் வந்துபோன பிறகும் மனிதர்கள் அதை விடவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒரு வீட்டைத் திறந்துவிட்டோம் என்றால் அடுப்படியும் சேர்த்துத் திறந்திருக்க வேண்டும். திண்ணையிலும் மொட்டைமாடியிலும் படுக்க இடம் கொடுத்துவிட்டு, படம் எடுத்துப் போட்டுக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

அடுப்படிக்கு அடுத்தது கழிவறை. இதைப் பத்திரிகையில் எழுதுவது சிலருக்கு முகச்சுளிப்பாக இருக்கலாம். எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பழகிப்போன விஷயம், எழுதுகிறேன். கீழ்த்தளம் முழுகினால் செப்டிக் டேங்க் முழுகும். அப்புறம் மாடிக் கழிவறையில் ஊற்றும் தண்ணீர் கீழே இறங்காது, திரும்பி மேலே வரும். முதல் நாள் மத்தியானத்துக்குள் எங்களுக்கு அப்படி ஆகிவிட்டது. அதைவிட எனக்குக் கவலையாக இருந்தது வேறு. பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். குடித்தால்தானே போக வேண்டும்? வந்தவர்களில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. அவளும் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. சிறுநீர்த் தாரையில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்தால் அந்த நேரத்தில் எங்கே கொண்டுபோவது? தூத்துக்குடி அரசு மருத்துவமனையின் தரைத்தளத்திலேயே தண்ணீர் நின்றது.

மொட்டைமாடியில் சின்டெக்ஸ் டேங்குக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி மறைத்தோம். இரண்டு பிளாஸ்டிக் வாளி, மூடி, என்னிடம் இருந்த பிளீச்சிங் பவுடர். ராத்திரியில் போவதற்கு ஒரு டார்ச். பெண்கள் பக்கத்துக்கு ஆண்கள் வரக்கூடாது என்பதை என் கணவர் எல்லா ஆண்களிடமும் தனித்தனியாகச் சொன்னார். பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து மடித்து ஒரு பையில் போட்டு அங்கேயே தொங்கவிட்டோம், யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம் என்று. அப்புறம்தான் அந்தப் பெண் தண்ணீர் குடித்தாள். மழைநீரை அண்டாவில் பிடித்து, மெல்லிய வேட்டியில் வடிகட்டி, கொதிக்கவைத்துத்தான் கொடுத்தோம். அதுவும் கேஸ் இருந்தவரைக்கும்.

மருந்து விஷயமும் சொல்ல வேண்டும். வந்தவர்களில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருந்தவர்கள் பலர். மாத்திரை அட்டையோடு வந்தவர் ஒருவர்கூட இல்லை. "வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு, ராத்திரி பாதி" என்று சொன்னால் யாரால் என்ன செய்ய முடியும்? ஒருவருடைய மாத்திரையை இன்னொருவர் வாங்கிப் போடப் போனார், கையைப் பிடித்துத் தடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காகிதத்தில் யாருக்கு என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று எழுதி, ரேஷன் கார்டு ஜெராக்ஸோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்க வேண்டும். இது ஐந்து நிமிஷ வேலை. புரட்டாசிக்குள் செய்துவிடலாம்.

இதையெல்லாம் எங்கள் வீடு ஏதோ அதிசயம் செய்ததாக நினைத்து எழுதவில்லை. அதே இரவில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. ஏறக்குறைய 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையெல்லாம் வெள்ளம் அரித்துவிட்டது. சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மற்றவர்கள் 19ஆம் தேதி வரை அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்தில் இருக்கும் புதுக்குடி ஜனங்கள். ஹெலிகாப்டர் வந்து பொட்டலம் போடுவதற்கு முன்பே தங்கள் வீட்டு அரிசி, பருப்பு, காய்கறியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். அவர்கள் வீடுகளையும்தான் வெள்ளம் சூழ்ந்திருந்தது. பயணிகள் எந்த ஊர், என்ன சாதி, என்ன மதம் என்று விசாரிக்க அவர்களுக்கு வழியும் இல்லை, விருப்பமும் இல்லை. புதுக்குடிக்காரர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

தண்ணீர் இருந்த நாட்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். வடிந்த பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலானவர்கள் சேறு வாரப் போய்விட்டார்கள். மண்சுவர் இடிந்தவர்களுக்குப் போக இடமில்லை. நான் சொன்ன அந்தப் பெண்ணின் குடும்பம் பொங்கல் வரை எங்களோடுதான் இருந்தது. இத்தனை நாள் ஒரு கூரைக்கடியில் இருந்தால் உரசல் வராமல் இருக்காது. பிள்ளைகள் டிவி சத்தத்துக்குச் சண்டை போடும். குளிக்கும் நேரத்துக்குத் தகராறு வரும். அவளுடைய அம்மாவுக்கும் என் மாமியாருக்கும் வெற்றிலைப் பெட்டி விஷயத்தில் ஒரு நாள் பேச்சே இல்லை. முதல் ராத்திரியில் யார் வேண்டுமானாலும் நல்லவராக இருந்துவிடலாம். இரண்டு வாரம் கழித்து அடுப்பில் கேஸ் தீர்ந்த நாளில் முகம் மாறாமல் இருப்பதுதான் கடினம்.

எங்களுக்கு ஓய்வூதியம் வருகிறது, சமாளித்தோம். எல்லாராலும் முடியுமா? எங்கள் தெருவில் வாடகை வீட்டு மாடியில் குடியிருக்கும் தையல்காரர் ஒருவர் இரண்டு குடும்பங்களை வைத்திருந்தார். ஒரே அறை, ஒரு சின்னச் சமையல் கட்டு. கடைக்குள் தண்ணீர் புகுந்து அவருடைய தையல் மெஷினே துருப்பிடித்துக் கிடந்தது. வெள்ளம் வடிந்து வந்து பார்த்த வீட்டு உரிமையாளர், "யாரைக் கேட்டு இத்தனை பேரை ஏற்றினீர்கள்?" என்று கேட்டு, செப்டிக் டேங்க் சுத்தம் செய்த செலவை வாடகையோடு சேர்த்து வாங்கினார். தையல்காரர் கொடுத்துவிட்டார். அவருடைய மனைவி என்னிடம் சொன்னது: "இன்னொரு தடவை வந்தாலும் ஏத்தத்தான் செய்வோம் அக்கா. ஆனா அரிசிக்கு என்ன பண்ணுவோம்னுதான் தெரியல."

அரசு அப்போது பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. பலருக்குக் கைகொடுத்த தொகை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு குடும்பத்துக்குச் சோறு போட்டவருக்கும், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவருக்கும் ஒரே கணக்கு. கேரளத்தில் 2024 ஜூலை 30 அன்று முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நிலச்சரிவு வந்து ஊரே போனபோது, முகாமிலிருந்து வாடகை வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வரை தருவதாக அந்த அரசு அறிவித்தது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் அது உண்டு என்றது. அது நல்ல யோசனை. அடைக்கலம் கொடுத்த வீட்டுக்குச் செலவு உண்டு என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. தங்கியிருப்பவருக்கும் "நான் சும்மா உட்கார்ந்து தின்னவில்லை" என்ற நிமிர்வு இருக்கும்.

இங்கே நம் மாவட்டத்திலும் செய்யலாம், பெரிய செலவில்லை. செவிலியராக இருந்தவள் என்பதால் எனக்குத் தெரியும், பட்டியல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. எந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கு எத்தனை மாதம் என்று கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக்கொதிப்பு, யார் படுத்த படுக்கை என்பது 2021இல் ஆரம்பித்த, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கு மனப்பாடம். இல்லாத ஒரே பட்டியல், தண்ணீர் ஏறாத மாடி யாரிடம் இருக்கிறது, அவர்களில் யார் எத்தனை பேரை வைத்துக்கொள்ளச் சம்மதம் சொல்கிறார்கள் என்பது. அதை மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் ஒரு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். பிறகு இரண்டையும் பொருத்திவைக்க வேண்டும். இந்தக் கர்ப்பிணிக்கு இந்த மாடி, நடக்க முடியாத இந்தத் தாத்தாவுக்கு இந்த வீடு என்று, மழைக்கு முன்பே இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துவிட்டால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டக் கூச்சம் இருக்காது. பெண்கள் மட்டும் இருக்கும் குடும்பத்தை எந்த வீட்டில் வைப்பது என்பதை அந்தக் குழுப் பெண்களே முடிவு செய்யட்டும். எந்த வீட்டுக்குப் பிள்ளைகளை நம்பி அனுப்பலாம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சம்மதம் சொல்லும் வீடுகளுக்கு ரேஷன் கடை மூலமாக ஒரு மூட்டை அரிசி, பருப்பு, உப்பு, மெழுகுவர்த்தி, பிளீச்சிங் பவுடர், ஒரு தார்ப்பாய் முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். வெள்ளம் வராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளட்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் பேரிடரில் ஆள் ஏற்றினார் என்பதற்காக அவரிடம் உரிமையாளர் காசு பிடிக்கக்கூடாது என்று ஆட்சியர் ஓர் உத்தரவு போட்டால் போதும். முக்கியமாக, பட்டியலைச் சாதிவாரியாகப் பிரிக்கக்கூடாது. "அவங்க தெருவுல அவங்க, நம்ம தெருவுல நம்ம" என்று சொல்லத்தான் செய்வார்கள். ஆற்றோரத்தில் தாழ்வாக இருக்கும் தெருக்களில் மாடியே கிடையாது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் நாங்கள் ஆரம்பித்துவிட்டோம். தையல்காரர் வீடு உட்பட மாடியுள்ளவர்கள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள். ரஸ்க் தின்ற பெரியவர் வீட்டிலிருந்தும் அவருடைய மருமகள் வந்து பெயர் கொடுத்தாள். "எட்டுப் பேர்" என்று எழுதச் சொன்னாள். அந்தத் தாளைக் கொண்டுபோய் உரிய இடத்தில் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார்கள், ஆனால் இதை எந்தப் பதிவேட்டில் சேர்ப்பது என்று தங்களுக்கு உத்தரவு எதுவும் இல்லை என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மாவட்ட நிர்வாகம் அதற்கு ஒரு படிவம் அச்சடித்து ஊராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் அனுப்ப வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் அனுப்பினால் நல்லது. உங்கள் நாளிதழ் இதை ஆட்சியரின் கவனத்துக்குக் கொண்டுபோகும் என்று நம்பித்தான் இவ்வளவு எழுதினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஏரல், தூத்துக்குடி மாவட்டம்.